எந்த லீடர்? ஃபிளை எப்படி விழ வேண்டும் என்பதிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி இதுதான்: ஃபிளை ஃபிஷிங்குக்காக, அதாவது பூச்சி போல் முள்ளில் கட்டிய ஃபிளை என்ற செயற்கை இரையை வீசி மீன் பிடிப்பதற்காக, 9 அடி நீளமுள்ள 5 வெயிட் கோலும் (வெயிட் என்பது லைனின் கனத்தைக் குறிக்கும் எண்) அதற்கேற்ற மிதக்கும் லைனும் வாங்கியாகிவிட்டது. பிடிப்பது பெரும்பாலும் ஓடையில் டிரௌட் மீன், அவ்வப்போது ஏரியில் பாஸ் மீன். லைனையும் ஃபிளையையும் இணைக்கும் நரம்பான லீடர் வாங்கப் போனால் 7.5 அடி, 9 அடி, 12 அடி, 3 எக்ஸ், 5 எக்ஸ் (எக்ஸ் என்பது முனையின் தடிமனைக் குறிக்கும் எண்), நைலான், ஃபுளோரோகார்பன் என்று வரிசையாகப் பாக்கெட்டுகள் தொங்குகின்றன. எதை எடுப்பது, எதை வைத்து முடிவு செய்வது?

அவசரத்துக்கு ஒரு பதில்: 9 அடி நீளமும் 4 எக்ஸ் முனையும் கொண்ட, முடிச்சில்லாத நைலான் லீடர் இரண்டு. கூடவே லீடரின் முனையில் சேர்த்துக் கட்டும் மெல்லிய நரம்பான டிப்பெட், 4 எக்ஸிலும் 5 எக்ஸிலும் ஒவ்வொரு சுருள். ஓடை டிரௌட்டுக்கு இதை வைத்துக்கொண்டே வெகுகாலம் ஓட்டலாம். ஆனால் பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருக்கும் மீன் படத்தைப் பார்த்து லீடர் எடுக்கும் பழக்கத்துக்குள் போய்விடாதீர்கள். லீடரைத் தீர்மானிப்பது மீனின் பெயர் அல்ல. கட்டப்போகும் ஃபிளை எவ்வளவு பருமன், அது தண்ணீரில் எப்படி விழ வேண்டும், விழுந்தபின் எப்படி நகர வேண்டும் என்ற மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. ஒரே டிரௌட்டுக்குக் காலையில் 5 அடி லீடரும் மாலையில் 14 அடி லீடரும் சரியாக இருக்கலாம்.

முதலில் லீடர் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். மற்ற தூண்டில் முறைகளில் எடை முனையில் இருக்கிறது. ஈயக்குண்டோ உலோக இரையோ பறக்க, நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகிறது. ஃபிளைக்குச் சொல்லும்படியான எடை கிடையாது. இங்கே நாம் வீசுவது லைனைத்தான். பிளாஸ்டிக் பூச்சுள்ள அந்தத் தடித்த லைன் காற்றில் ஒரு வளையமாக விரிந்துகொண்டே போகிறது. வளையம் லைனின் நுனிக்கு வந்ததும், மிச்சமிருக்கும் விசை லீடருக்குள் இறங்கி, ஃபிளையை முன்னால் புரட்டிப் போட வேண்டும். சாட்டையின் தடித்த அடியிலிருந்து மெல்லிய நுனிக்கு வீச்சு போவது போன்ற ஏற்பாடு இது. லைனில் நேராக ஒரு மெல்லிய நரம்பைக் கட்டிவிட்டால் விசை அந்தச் சந்திப்பிலேயே மடங்கிப் போகும். லீடர் குவியலாகச் சரிந்து, ஃபிளை லைன் நுனியின் மேலேயே விழும்.

அதனால்தான் லீடர் தடித்து ஆரம்பித்து மெலிந்து முடிகிறது. லைனோடு சேருவது அடிப்பகுதி, நடுவில் மெலியும் சரிவு, கடைசியில் ஒரே தடிமனில் ஓடும் டிப்பெட். நீளத்தில் 60 சதம் அடிப்பகுதி, 20 சதம் சரிவு, 20 சதம் டிப்பெட் என்பது நெடுங்காலமாகப் புழங்கும் கணக்கு. இந்த விகிதத்தில் செய்த லீடர் ஃபிளையை விறைப்பாக, நேராகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஆனால் நேராகப் போய்ச் சேருவது எப்போதும் நல்லதல்ல. லீடருக்கு இரண்டாவதாக ஒரு வேலை உண்டு, அது முதல் வேலைக்கு நேர் எதிரானது: கடைசி இரண்டு மூன்று அடியில் விசையை இழந்து, ஃபிளையை லைனின் பிடியிலிருந்து விடுவிப்பது. சந்தையில் இருக்கும் அத்தனை வகை லீடர்களும் இந்த இரண்டு வேலைகளில் எதற்கு எவ்வளவு இடம் கொடுக்கின்றன என்பதில்தான் வேறுபடுகின்றன. ஒரு லீடரைக் கையில் எடுக்கும்போது, ‘இது கடத்தும் லீடரா, விடுவிக்கும் லீடரா’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

மீன் கண்ணுக்கு நரம்பு தெரியக்கூடாது, அதற்காகத்தான் லீடர், அதனால் மெல்லியதே நல்லது என்று பலரும் நம்புகிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் ஓடையில் மிதக்கும் ஃபிளையை டிரௌட் மேலே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதற்குப் பெரும்பாலும் வேறு காரணம் உண்டு, அது இழுவை. ஓடையின் மேற்பரப்பு ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. நடுவில் விரைவாகவும் ஓரத்தில் மெதுவாகவும், கல்லின் பின்னால் சுழன்றும் ஓடும். நிஜப் பூச்சி தான் விழுந்த நீரோட்டத்தின் வேகத்திலேயே மிதந்து வரும். நம் ஃபிளையை ஒரு நரம்பு பிடித்திருக்கிறது. அந்த நரம்பின் மேல்பாதி விரைவான ஓட்டத்தில் கிடந்தால் ஃபிளையை முன்னால் இழுக்கும், மெதுவான ஓட்டத்தில் கிடந்தால் பின்னால் பிடித்து நிறுத்தும். நம் கண்ணுக்குத் தெரியாத அளவு இழுவைகூட மீனுக்குத் தெரிகிறது.

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. பலர் தேவையில்லாமல் மெல்லிய டிப்பெட்டுக்குப் போவதற்கு இந்தக் கணக்கு தெரியாததே காரணம் என்பது என் எண்ணம். ஒரு நரம்பின் விறைப்பு அதன் தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. வலிமை இரண்டாம் அடுக்கைப் பொறுத்தது. 4 எக்ஸ் என்பது சுமார் 0.18 மி.மீ., 5 எக்ஸ் என்பது சுமார் 0.15 மி.மீ. ஒரு படி இறங்கும்போது தடிமன் ஆறேழில் ஒரு பங்குதான் குறைகிறது. மீன் பார்க்கும் நரம்பு பெரிதாக மாறிவிடவில்லை. வலிமையோ கால் பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. விறைப்பு கிட்டத்தட்டப் பாதியாகிறது. ஆக, 5 எக்ஸுக்கு மாறியதும் மீன் எடுத்தது என்றால், பெரும்பாலும் நரம்பு மறைந்ததால் அல்ல, துவண்டதால்தான்.

அந்தத் துவளலைப் பெற இன்னொரு வழியும் உண்டு: நீளம். ஒரு முனையில் பிடித்திருக்கும் நரம்பின் மறுமுனையை ஒரே விசையால் தள்ளினால், அது விலகும் தூரம் நீளத்தின் மூன்றாம் அடுக்காகக் கூடும். 2 அடி டிப்பெட்டை 3 அடியாக்கினால் விலகல் மூன்று மடங்கைத் தாண்டிவிடும், வலிமை துளியும் குறையாது. அதனால் நான் சொல்லும் வரிசை இதுதான். மீன் ஃபிளையை மறுத்தால் முதலில் நிற்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள். பிறகு டிப்பெட்டை ஓர் அடி நீட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால்தான் மெல்லியதற்குப் போங்கள்.

எக்ஸ் எண்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நைலான் வருவதற்கு முன் லீடர்கள் பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியை இழுத்து நீட்டிச் செய்யப்பட்டன. ஸ்பெயினின் முர்சியா வட்டாரம் அதற்குப் பேர்போன இடம். அந்த இழையைத் துளையிட்ட தகட்டின் வழியே ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் அது மெலியும். எத்தனை முறை இழுத்தார்களோ அத்தனை எக்ஸ். 1938-இல் டூபான்ட் நிறுவனம் நைலானை அறிவித்தபின் பட்டிழை மெல்ல மறைந்தது, எண் மட்டும் நிலைத்துவிட்டது. எண் கூடக் கூட நரம்பு மெலியும் என்ற தலைகீழ்க் கணக்கு அதன் மிச்சம். நினைவில் வைக்க எளிய வழி: 11-லிருந்து எக்ஸ் எண்ணைக் கழியுங்கள். வருவது அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்பது. 4 எக்ஸ் என்றால் 7, அதாவது 0.007 அங்குலம். 0 எக்ஸ் என்றால் 0.011 அங்குலம், சுமார் 0.28 மி.மீ. எத்தனை பவுண்டு தாங்கும் என்பது மட்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே எக்ஸைத் தடிமனாக மட்டும் படியுங்கள், வலிமையைச் சுருளின் மேல் எழுதியிருப்பதிலிருந்து தனியாகப் பாருங்கள்.

எந்த ஃபிளைக்கு எந்த எக்ஸ்? முள்ளின் எண்ணை (எண் கூடக் கூட முள் சிறியது) மூன்றால் வகுப்பது பழைய வழி. 12-ஆம் எண் முள்ளுக்கு 4 எக்ஸ், 15-க்குப் பக்கமாக இருந்தால் 5 எக்ஸ், 18-க்கு 6 எக்ஸ். தொடக்கத்துக்கு இது போதும். ஆனால் முள்ளின் எண் ஃபிளையின் பருமனை முழுதாகச் சொல்வதில்லை. 12-ஆம் எண் முள்ளில் இறகும் முடியும் புஷ்டியாகக் கட்டிய மிதக்கும் ஃபிளை காற்றை வாங்கிச் சுழலும். அதே முள்ளில் ஒல்லியாகக் கட்டிய நிம்ஃப், அதாவது நீருக்கடியில் வாழும் இளம் பூச்சியைப் போன்ற ஃபிளை, காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். புஷ்டியானதற்கு ஒரு படி தடித்த டிப்பெட் வேண்டும். இல்லையென்றால் நாலு வீச்சுக்குள் டிப்பெட் முறுக்கிக்கொண்டு பிரிக்க முடியாமல் நிற்கும். அப்படி முறுக்கினால் டிப்பெட் ஃபிளைக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம், வீச்சில் குறை தேட வேண்டாம்.

இனி வகை வகையாக. மிதக்கும் ஃபிளையில் கொஞ்சம் நின்று பேசுகிறேன், லீடர் தேர்வின் நுட்பம் அங்கேதான் அதிகம்.

சிறு ஓடை, தலைக்கு மேல் மரக்கிளை, வீச இடமில்லை என்றால் 7.5 அடி 4 எக்ஸ். இங்கே லைன் கொஞ்சம்தான் வெளியே இருக்கும். விசையே குறைவு என்பதால் நீண்ட லீடர் விரியாது. நடுத்தர ஆறு, அலையும் சலசலப்பும் உள்ள நீர் என்றால் 9 அடி, 4 அல்லது 5 எக்ஸ். கண்ணாடி போல் தெளிந்து, மெதுவாக நகரும் நீரில், மேலெழுந்து பூச்சி தின்னும் மீனுக்கு 12 அடி அல்லது அதற்கும் மேல், 5 அல்லது 6 எக்ஸ். அந்த நீரில் தடித்த லைன் விழும் சத்தமும் நிழலும் மீனைக் கலைத்துவிடும். லீடரின் நீளம் லைனை மீனிடமிருந்து தள்ளிவைக்கிறது.

இதிலும் நேராக விரியும் லீடர் ஒரு சிக்கலைக் கொண்டுவரும். டிப்பெட் நீட்டி இறுகிக் கிடந்தால் ஃபிளை விழுந்த நொடியிலேயே இழுவை தொடங்கிவிடும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஃபிளை ஃபிஷிங்கைப் பாடமாகவே கற்றுக்கொடுத்த ஜார்ஜ் ஹார்வி இதற்குத் தீர்வாக ஒரு லீடர் அமைப்பைப் பரப்பினார். அடிப்பகுதியை வழக்கத்தைவிட மெல்லியதாக்கி, முன்பகுதியில் துவளும் நைலானை நீளமாகச் சேர்ப்பது அதன் சாரம். சரியாக வீசினால் டிப்பெட் நேராக விழாமல் பாம்பு ஊர்ந்ததுபோல் வளைந்து வளைந்து விழும். அந்த வளைவுகள் ஒவ்வொன்றாக நிமிரும்வரை ஃபிளை தன்பாட்டுக்கு மிதந்து வரும். இதைச் செய்ய அந்த வகை லீடரைத் தேடி அலைய வேண்டியதில்லை. கையிலிருக்கும் 9 அடி 4 எக்ஸ் லீடரின் முனையில் 3 அடி 5 எக்ஸ் டிப்பெட்டைக் கட்டி, டிப்பெட் எப்படி விழுகிறது என்று பாருங்கள். குச்சியாக நீண்டு விழுந்தால் இன்னும் அரை அடி சேர்க்கலாம். ஒரே குவியலாக விழுந்தால் அரை அடி வெட்டலாம். வெறும் நீளத்தை வைத்தே லீடரை அன்றைய ஃபிளைக்கும் காற்றுக்கும் பொருத்தும் இந்த வேலை, கடையில் நின்று செய்யும் எந்தத் தேர்வையும்விட முக்கியமானது.

காற்று எதிரே அடித்தால் இவ்வளவும் தலைகீழ். லீடரைக் குறுக்குங்கள், ஒரு படி தடித்த டிப்பெட்டுக்கு வாருங்கள். காற்று கலைத்த நீரில் மீனும் அவ்வளவு நுட்பமாகப் பார்ப்பதில்லை.

நிம்ஃபுக்கு வந்தால் கணக்கே மாறுகிறது. நிம்ஃப் நீருக்கடியில் ஓட வேண்டும், பெரும்பாலும் தரைக்குப் பக்கத்தில். மிதவை கட்டி ஓட்டுவதென்றால் 9 அடி லீடர் போதும். ஃபிளைக்கும் மிதவைக்கும் இடையே நீரின் ஆழத்தைப் போல் ஒன்றரை மடங்கு விடுங்கள். ஆனால் சரிவுள்ள லீடரின் தடித்த பகுதி நீருக்குள் இறங்கிவிட்டால் அது ஒரு தொல்லை. மேலே நீர் வேகமாகவும் தரைக்கருகே மெதுவாகவும் ஓடும். தடித்த நரம்பை மேல்நீர் பிடித்துத் தள்ளி, நிம்ஃபைத் தரையிலிருந்து தூக்கிவிடும். அதனால் மிதவைக்குக் கீழே முழுவதும் ஒரே தடிமனுள்ள மெல்லிய டிப்பெட்டாகவே இருக்கும்படி கட்டுவது நல்லது. நிம்ஃப் விரைவாக இறங்கும், ஓட்டத்தோடு ஒத்துப் போகும்.

இந்த எண்ணத்தைக் கடைசிவரை கொண்டுபோனால் கிடைப்பது ஐரோப்பிய நிம்ஃப் லீடர். இதில் லைன் ஏறத்தாழக் கோலுக்குள்ளேயே இருக்கும். வெளியே இருப்பது 20 அடி அளவுக்கு நீண்ட மெல்லிய நரம்பு, அதன் நடுவே சைட்டர் எனப்படும் பளிச்சென்ற நிறமுள்ள ஒரு துண்டு, அதற்குக் கீழே டிப்பெட், முனையில் டங்ஸ்டன் மணி வைத்த நிம்ஃப். வீச்சுக்கு எடை தருவது இங்கே நிம்ஃப்தான். விசையைக் கடத்தும் வேலை குறைந்துவிட்டதால் சரிவும் தேவையில்லாமல் போகிறது. மீன் தொட்டதை மிதவை காட்டுவதில்லை, சைட்டரின் அசைவு காட்டுகிறது. உலகப் போட்டிகளை நடத்தும் ஃபிப்ஸ்-மூஷ் அமைப்பின் விதிப்படி லீடர் கோலின் நீளத்தில் இரண்டு மடங்கைத் தாண்டக்கூடாது. இப்படி ஒரு வரம்பு போட வேண்டி வந்தது என்பதிலிருந்து, நீண்ட லீடருக்கு எவ்வளவு பலன் என்று புரிந்துகொள்ளலாம். ஆனால் முதல் பருவத்திலேயே இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. லைனை வீசக் கற்றுக்கொள்ளாமலே போய்விடும் ஆபத்து இருக்கிறது.

ஸ்ட்ரீமருக்கு லீடர் ஒரு பெரிய யோசனையே இல்லை. சிறு மீனைப் போல் கட்டிய கனமான ஃபிளை, நாம் இழுத்து அசைப்பது, மீன் பாய்ந்து அடிப்பது. இங்கே இழுவைதான் நமக்கு வேண்டியது. 6 முதல் 7.5 அடி, 0 எக்ஸ் முதல் 2 எக்ஸ் வரை, அவ்வளவுதான். மூழ்கும் லைனில் கட்டினால் இன்னும் குறையுங்கள், 3 முதல் 5 அடி. லைன் கீழே போக, நீண்ட லீடரின் முனையிலுள்ள ஃபிளை மேலேயே தங்கிவிட்டால் மூழ்கும் லைன் வாங்கியதற்கு அர்த்தமில்லை.

ஏரியில் நின்ற நீரில் இரண்டு மூன்று ஃபிளைகளை ஒரே லீடரில் கட்டி ஓட்டுவோர் 12 முதல் 15 அடிவரை போவார்கள். நின்ற நீரில் மீனுக்குப் பார்த்து முடிவு செய்ய நேரம் உண்டு, நீளம் அங்கே உதவும். உங்கள் ஏரியில் பாஸ் என்றால் நேர் எதிர். பாஸுக்குப் போடும் பாப்பர், அதாவது நீரின் மேல் சத்தமெழுப்பி மிதக்கும் பருத்த ஃபிளை, ஒரு தக்கையைக் காற்றில் தள்ளுவது போன்ற பாரம். அதைப் புரட்டிப் போட 7.5 அடி நீளத்தில், விறைத்த அடிப்பகுதியும் 8 முதல் 12 பவுண்டு முனையும் கொண்ட லீடர் வேண்டும். பாசியிலிருந்தும் மரக்கட்டையிலிருந்தும் மீனை இழுத்து வெளியே எடுக்கவும் அந்த வலிமை தேவைப்படும். உங்கள் 5 வெயிட் லைன் பெரிய பாப்பர்களைத் தாங்காது, சிறிய பாப்பரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்த லீடரும் அந்தக் குறையைச் சரிசெய்யாது.

பைக் போன்ற பல்லுள்ள மீனுக்கு முனையில் முடிச்சுப் போடக்கூடிய கம்பி ஓர் அடியாவது இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. நரம்பு அறுந்தால் நமக்குப் போவது ஒரு ஃபிளை. மீன் தொண்டையில் முள்ளோடு திரிய வேண்டியிருக்கும்.

கடலில் ஆழம் குறைந்த தெளிந்த மணல் திட்டுகளில் போன்ஃபிஷ் என்றால் 9 முதல் 12 அடி, 10 அல்லது 12 பவுண்டு. தார்ப்பனின் வாய் அரம் போல் உராய்ந்தே நரம்பைத் தேய்த்துவிடும். அதற்காக முனையில் 60 முதல் 80 பவுண்டு வரையுள்ள ஒரு தடித்த துண்டைச் சேர்க்கிறார்கள். சாதனைக்காகப் பிடிப்பவர்களுக்கு, மீன்பிடிச் சாதனைகளைப் பதிவு செய்யும் ஐ.ஜி.எஃப்.ஏ. அமைப்பின் விதி உண்டு: அந்தத் தடித்த துண்டு முடிச்சுகளோடு சேர்த்து 12 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது, அதற்கு மேலே உள்ள டிப்பெட் 15 அங்குலமாவது இருக்க வேண்டும். இதெல்லாம் இப்போது உங்களுக்குத் தேவைப்படாது. ஆனாலும் மெலிந்து முடிவதுதான் லீடர் என்ற விதிக்கும் விலக்கு உண்டு என்பதற்காகச் சொன்னேன்.

அடுத்தது நைலானா, ஃபுளோரோகார்பனா. இதில் ஒரே பதிலை எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை, ஆனால் பொருள்களின் குணம் தெளிவானது. நைலானின் அடர்த்தி நீரைவிடக் கொஞ்சம்தான் கூட, சுமார் 1.14. ஃபுளோரோகார்பனின் அடர்த்தி சுமார் 1.78. ஒளிவிலகல் எண் நீருக்கு 1.33, ஃபுளோரோகார்பனுக்குச் சுமார் 1.42, நைலானுக்கு 1.5-க்குச் சற்று மேல். எண் நீருக்கு நெருங்க நெருங்க நரம்பு நீருக்குள் மங்கும். ஃபுளோரோகார்பன் நீரை உறிஞ்சாது, கல்லில் உரசினால் எளிதில் தேயாது, வெயிலுக்கும் தாங்கும். நைலான் நீரை உறிஞ்சி இளகும், வெயிலில் நாளடைவில் வலுவிழக்கும். ஆனால் துவளும், நீளும், முடிச்சு நன்றாக இறுகும், மலிவு.

இதிலிருந்து என் தேர்வு: லீடர் எப்போதும் நைலான், டிப்பெட் மட்டும் வேலைக்கேற்ப. மிதக்கும் ஃபிளைக்கு நைலான் டிப்பெட், ஏனென்றால் அங்கே வேண்டியது துவளல். நிம்ஃபுக்கும் ஸ்ட்ரீமருக்கும் ஃபுளோரோகார்பன் டிப்பெட், ஏனென்றால் அங்கே வேண்டியது மூழ்குவதும் தேய்மானம் தாங்குவதும். முழு லீடரையுமே ஃபுளோரோகார்பனில் வாங்குவது பெரும்பாலும் வீண். மீன் பார்ப்பது கடைசி இரண்டு மூன்று அடியைத்தான். ஒன்று மட்டும் கவனியுங்கள். ஃபுளோரோகார்பன் சூழலில் எளிதில் சிதையாது. வெட்டிய துண்டு எதையும் நீரிலோ கரையிலோ போடாதீர்கள், சட்டைப் பையில் ஒரு சிறு டப்பா வைத்துக்கொள்ளுங்கள்.

லீடர் செய்யப்படும் விதத்திலும் வகைகள் உண்டு. முடிச்சில்லாமல் ஒரே நரம்பாக மெலிவது முதல் வகை, பாசி சிக்காது, தொடக்கத்துக்கு இதுவே சரி. வெவ்வேறு தடிமனுள்ள துண்டுகளை முடிச்சுப் போட்டுச் சேர்ப்பது இரண்டாவது. அளவை நாமே தீர்மானிக்கலாம் என்பது இதன் பெரிய பலம், நீரில் பாசி இருந்தால் முடிச்சுகளில் தொற்றும் என்பது குறை. மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்யும் ஃபர்ல்ட் லீடர், சுருட்டி வைத்த வடிவத்திலேயே நிற்காமல், மிக மென்மையாக விழும், ஆனால் நீரை ஏந்திவந்து வீச்சில் தெளிக்கும். சால்மனுக்கும் நீருக்குள் மூழ்கும் கனமான ஃபிளைகளுக்கும் பாலிலீடர் எனப்படும் பூச்சுள்ள வகை இருக்கிறது. அதில் மிதப்பது, மெதுவாக மூழ்குவது, விரைவாக மூழ்குவது என்று தனித்தனியே கிடைப்பதால், மிதக்கும் லைனையே சற்று ஆழத்துக்குக் கொண்டுபோகலாம்.

பாக்கெட்டில் முனையின் எக்ஸைப் பெரிதாகவும் அடிப்பகுதியின் தடிமனைச் சிறிதாகவும் அச்சிட்டிருப்பார்கள். சிறிதாக இருப்பதையும் படியுங்கள். அடிப்பகுதி லைன் நுனியின் தடிமனில் மூன்றில் இரண்டு பங்கு அளவில் இருந்தால் விசை தடையின்றி இறங்கும். 5 வெயிட் லைனுக்கு 0.021 அங்குலம், அதாவது சுமார் 0.53 மி.மீ. பொருத்தமாக இருக்கும். லீடரையும் லைன் நுனியையும் இரண்டு கைகளால் ஒன்றாகப் பிடித்து வளைத்துப் பாருங்கள். சந்திப்பில் ஒரே வளைவாக வந்தால் சரி. முறிந்ததுபோல் ஒரு கோணம் விழுந்தால் லீடர் அந்த லைனுக்கு மெல்லியது.

லைன் நுனியிலும் லீடரிலும் கண்ணி இருந்தால் கண்ணியோடு கண்ணி கோத்துவிடலாம். இறுக்கும்போது இரண்டும் கைகோத்ததுபோல் சதுரமாக உட்கார வேண்டும். ஒன்று மற்றொன்றைச் சுற்றிச் சுருக்கிட்டு உட்கார்ந்தால் லைனின் பூச்சை அறுத்துவிடும். லீடர் முனையில் டிப்பெட்டைச் சேர்க்க இரட்டைச் சுற்றுச் சர்ஜன் முடிச்சு போதும், ஓரளவு தடிமன் வித்தியாசத்தையும் தாங்கும். சேர்க்கும் இரண்டு நரம்புகளுக்கும் இடையே இரண்டு எக்ஸுக்கு மேல் வித்தியாசம் வைக்காதீர்கள். எந்த முடிச்சையும் இறுக்கும் முன் எச்சிலால் நனைக்க வேண்டும். உலர்ந்த நரம்பு உராய்ந்து சூடாகிப் பலம் போகும்.

டிப்பெட்டைத் திரும்பத் திரும்பக் கட்டும்போது லீடரின் முனை அங்குலம் அங்குலமாக வெட்டுப்பட்டுக் குறையும். 4 எக்ஸ் என்று வாங்கியது சில நாளில் 3 எக்ஸாகி நிற்கும். இதைத் தவிர்க்க லீடர் முனையில் 2 மி.மீ. டிப்பெட் வளையம் ஒன்றைக் கட்டிவிடுங்கள். அதன்பின் வெட்டுப்படுவது டிப்பெட் மட்டும்தான், ஒரே லீடர் நெடுநாள் வரும். மிக நுட்பமான மிதக்கும் ஃபிளை வேலைக்கு மட்டும் வளையத்தைத் தவிர்ப்பேன், அது தன் எடையால் முனையைச் சற்று அமுக்கும்.

பாக்கெட்டிலிருந்து எடுத்த லீடர் சுருள் சுருளாக இருக்கும். அப்படியே வீசாமல் விரலுக்கிடையே பிடித்து மெதுவாக இழுத்துச் சூடேற்றி நிமிர்த்துங்கள். அரைமணிக்கு ஒருமுறை டிப்பெட்டை விரலால் தடவிப் பாருங்கள். வீச்சு பிசகி நடுவே தானாக விழும் முடிச்சு நரம்பின் பலத்தில் பாதியைத் தின்றுவிடும். அதை அவிழ்க்க முயலாமல் வெட்டிவிட்டு மீண்டும் கட்டுங்கள்.

மெல்லிய டிப்பெட்டைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும், எனக்கு இது முக்கியம். 7 எக்ஸில் பெரிய மீனைப் பிடித்தேன் என்பது பெருமையாகச் சொல்லப்படுகிறது. ஆனால் மெல்லிய நரம்பு என்றால் நீண்ட போராட்டம், நீண்ட போராட்டம் என்றால் களைத்துப்போன மீன். பிடித்து விட்டுவிடுகிற மீன் நீந்திப் போனாலும் அந்தக் களைப்பிலிருந்து மீளாமல் சாகலாம். கோடையில் நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் டிரௌட்டுக்கு அந்த ஆபத்து வேகமாகக் கூடும். அந்த நாள்களில் டிரௌட் பிடிக்கப் போகாமல் இருப்பதே மேல். மற்ற நாள்களில், மீன் எடுக்கும் அளவுக்கு எது தடித்ததோ அதையே கட்டுங்கள். மெல்லியது எதுவரை போகலாம் என்று தேட வேண்டாம். டிப்பெட்டை நீட்டுங்கள் என்று மேலே அழுத்திச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். 9 அடி 4 எக்ஸ் நைலான் லீடர் இரண்டு, பாஸுக்காக 7.5 அடியில் 10 பவுண்டு முனையுள்ள விறைத்த லீடர் ஒன்று. நைலான் டிப்பெட் 4 எக்ஸ், 5 எக்ஸ். ஃபுளோரோகார்பன் டிப்பெட் 4 எக்ஸ் மட்டும். டிப்பெட் வளையம் ஒரு பாக்கெட். 12 அடி லீடர் தனியாக வேண்டாம், 9 அடியில் டிப்பெட் சேர்த்தால் அதுவே 12 அடி. 6 எக்ஸை 18-ஆம் எண் ஃபிளை கட்டும் நாள் வந்தபின் வாங்கிக்கொள்ளலாம். முதல் நாள் ஓடைக்குப் போனதும் மீனைத் தேடாமல், ஒரு கால்மணி நேரம் ஒரே ஃபிளையைக் கட்டி, டிப்பெட் 2 அடி, 3 அடி, 4 அடி என்று மாற்றி மாற்றி வீசுங்கள். ஒவ்வொன்றிலும் ஃபிளை எப்படி விழுகிறது, எத்தனை நொடி இழுவையில்லாமல் மிதக்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.